மகப்பேறு மரணங்களை முழுமையாகக் கணக்கிடுவது எப்படி: வளரும் நாடுகளின் சுகாதாரத் துறையினருக்கு ஒரு வழிகாட்டி

2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 197 தாய்மார் இறந்தார்கள் என்பது அந்த ஆண்டின் உலகச் சராசரி. மகப்பேறு மரண விகிதம் என்பது இதுதான். இந்த மரணங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை குறைந்த வருமான நாடுகளிலும் கீழ் நடுத்தர வருமான நாடுகளிலும் நேர்ந்தவை. அந்த நாடுகள் பலவற்றில் எந்தப் பெண் எங்கே எதனால் இறந்தார் என்ற பதிவு முழுமையாக இல்லை. நாட்டின் வருமானம், பிறப்பு விகிதம், பயிற்சி பெற்றவர் உதவியுடன் நடக்கும் பிரசவங்களின் பங்கு ஆகியவற்றைக் கொண்டு ஒரு புள்ளியியல் மாதிரி ஊகித்துத் தரும் எண்ணே அந்த நாட்டின் எண்ணாகப் புழங்குகிறது. உலகச் சராசரியை 2030க்குள் 70க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது நீடித்த வளர்ச்சிக்கான இலக்குகளில் ஒன்று. ஆனால் சென்ற ஆண்டு ஒரு மாவட்டத்தில் ரத்த வங்கி திறந்ததால் எத்தனை தாய்மார் பிழைத்தார்கள் என்று கேட்டால் அந்த மாதிரியிடம் பதில் கிடைக்காது. அதற்கு நாடு தன் மரணங்களைத் தானே எண்ணியாக வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான யோசனை ஒன்று உண்டு. மகப்பேறு மரணங்களை மட்டும் தேடிப் போனால் அவற்றில் பெரும்பகுதி கண்ணில் படாது. குழந்தை பெறும் வயதில் இறந்த பெண்கள் அனைவரையும், இறப்புக்கான காரணத்தைப் பாராமல், முதலில் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டு, அதன் பிறகே இவர்களில் யார் கர்ப்பமாக இருந்தார், யாருக்கு அண்மையில் பிரசவமோ கருச்சிதைவோ ஆகியிருந்தது என்று விசாரிக்க வேண்டும். பிரேசில் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. அங்கே 10 முதல் 49 வயது வரையிலான பெண்களின் மரணங்களை விசாரிப்பது 2008ஆம் ஆண்டு ஆணை ஒன்றின் மூலம் கட்டாயமாக்கப்பட்டது.

எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தல்

உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி, கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் எவ்விதத்தில் முடிந்திருந்தாலும் அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்துடன் தொடர்புடைய அல்லது கர்ப்பத்தாலோ அதற்கான சிகிச்சையாலோ தீவிரமடைந்த காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது மகப்பேறு மரணம். விபத்து போன்ற தொடர்பற்ற காரணங்கள் இதில் சேரா. அதே காலத்துக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும் சேர்த்துக்கொள்ளும் பரந்த வகை ஒன்று தனியாக இருக்கிறது. 42 நாட்களுக்குப் பிறகு ஓராண்டுக்குள் நிகழும் மரணங்களைப் பிந்திய மகப்பேறு மரணங்கள் என்று வேறொரு வகையில் வைக்கிறார்கள். காரணத்தை உறுதிப்படுத்த வசதியில்லாத கணக்கெடுப்புகள் பெரும்பாலும் பரந்த வகையைத்தான் அளக்கின்றன. ஓர் ஆண்டு ஒரு வகையையும் அடுத்த முறை இன்னொரு வகையையும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது, செய்தித்தாள்களில் மட்டுமன்றி அரசு அறிக்கைகளிலும் நடக்கிறது. ஆகவே எந்த வரையறை என்பதை எழுத்தில் நிலைநிறுத்தி, மாற்ற நேர்ந்தால் சில ஆண்டுகளுக்கு இரண்டு வகையிலும் கணக்கிட்டு வெளியிடுவது அவசியம். கர்ப்ப காலத் தற்கொலைகளைப் பற்றியும் இந்தக் கட்டத்திலேயே தெளிவு வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2012இல் வெளியிட்ட வகைப்பாட்டு வழிகாட்டி அவற்றை நேரடி மகப்பேறு மரணங்களாகவே கொள்ளச் சொல்கிறது. பல நாடுகளின் காவல்துறைப் பதிவுகளில் அவை வெறும் தற்கொலையாக முடிந்துபோகின்றன.

மரணங்களைத் தேடிச் சேகரித்தல்

மருத்துவமனையில் பிரசவ வார்டின் பதிவேட்டை மட்டும் பார்ப்பது போதாது. கருக்குழாயில் கரு தங்கிக் குழாய் வெடித்த பெண் அறுவை சிகிச்சைப் பிரிவில் இறந்திருப்பார். கருக்கலைப்புக்குப் பின் கிருமித்தொற்று ஏற்பட்டவர் பொது மருத்துவப் பிரிவில் இறந்திருப்பார். இதய வால்வு நோயுடன் கர்ப்பமானவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்திருப்பார். பிரசவமாகி மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு வந்தவரின் சீட்டில் குழந்தை பெற்ற செய்தியே எழுதப்படாமல் இருக்கலாம். எனவே ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவசர சிகிச்சைப் பிரிவு உட்பட எல்லா வார்டுகளின் இறப்புப் பதிவேடுகளையும், அறுவை அரங்கப் பதிவேட்டையும், பிணவறைப் பதிவேட்டையும் வாரந்தோறும் பார்க்கச் செய்து, 15 முதல் 49 வயதுக்குள் இறந்த பெண்கள் அனைவரின் பெயர்களையும் எடுக்க வேண்டும். இளம் வயதுக் கர்ப்பங்கள் உள்ள பகுதிகளில் 10 வயதிலிருந்தே தொடங்குவது நல்லது. தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டு எடுக்கும் பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

மருத்துவமனைக்கு வெளியே நிகழும் மரணங்களுக்குக் கிராம சுகாதாரப் பணியாளர், உள்ளாட்சி உறுப்பினர், மயான ஊழியர், சமயப் பெரியவர் என்று இறப்புச் செய்தி இயல்பாக வந்து சேரும் ஆட்களையே தகவலாளர்களாக வைக்கலாம். மருத்துவமனை மரணத்தை 24 மணி நேரத்துக்குள்ளும் ஊரில் நேரும் மரணத்தை 48 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மகப்பேறு மரணக் கண்காணிப்புக்கான உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதே பரிந்துரையில் இருக்கும் இன்னொரு நடைமுறை இதைவிடப் பயனுள்ளது என்பேன். மரணம் எதுவும் நிகழாத வாரத்திலும் ‘இவ்வாரம் மரணம் இல்லை’ என்று எழுதி அனுப்பியே ஆக வேண்டும். இந்த ஏற்பாடு இருந்தால்தான் மரணம் நிகழாத வட்டத்தையும் தகவல் அனுப்பாத வட்டத்தையும் பிரித்தறிய முடியும்.

மிக எளிதாகத் தவறவிடப்படுபவர்கள் வழியில் இறப்பவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட பெண் ஆம்புலன்ஸில் இறந்தால், அனுப்பிய இடம் தன் பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டார்’ என்று எழுதியிருக்கும். சேர வேண்டிய மருத்துவமனையோ அவரை உள்நோயாளியாகச் சேர்த்திருக்காது. உடல் ஊருக்குத் திரும்பிவிடும். அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாளே தொலைபேசியில் உறுதிசெய்து, அனுப்பிய பதிவேட்டின் கடைசிப் பத்தியில் விடையை எழுதும் பழக்கம் இந்த ஓட்டையை அடைக்கும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

பல வழிகளில் பட்டியல்கள் வரும்போது ஒரே பெண் இரண்டு மூன்று முறை வருவார். மருத்துவமனை இருக்கும் மாவட்டமும் அவர் வசித்த மாவட்டமும் தனித்தனியே அவரைச் சேர்த்திருக்கலாம், அல்லது மற்றவர் எழுதுவார் என்று இருவருமே விட்டிருக்கலாம். பெயர், வயது, கணவர் அல்லது தந்தை பெயர், வசிப்பிடம், இறந்த நாள் ஆகிய ஐந்தையும் எல்லாப் பட்டியல்களிலும் ஒரே வரிசையில் எழுதினால் இணைப்பது சுலபம். பெயரின் எழுத்துக்கூட்டலும் வயதும் எப்போதும் மாறி வருவதால், இறந்த நாளையும் வசிப்பிடத்தையும் முதன்மையாக வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். கணக்கில் சேர்ப்பது வசித்த மாவட்டத்தில்தான் என்று விதி செய்துவிட்டால் தகராறு குறையும்.

மரணச் சான்றிதழைத் திருத்துதல்

இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது மருத்துவர்களுக்குச் சான்றிதழ் எழுதக் கற்றுத் தருவதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். சர்வதேசப் படிவத்தின் முதல் பகுதியில் உடனடிக் காரணம் மேலேயும், அதற்கு இட்டுச்சென்ற காரணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகவும், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மூல காரணம் கடைசி வரியிலும் வர வேண்டும். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போய் இறந்த பெண்ணுக்கு முதல் வரியில் ‘ரத்த இழப்பால் அதிர்ச்சி நிலை’, அடுத்த வரியில் ‘பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கு’, கடைசி வரியில் ‘கர்ப்பப்பை சுருங்காமை’ என்று எழுதினால், காரணத்துக்குக் குறியீடு இடுபவர் அதை நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் மகப்பேறு அத்தியாயத்தில் தயக்கமின்றிச் சேர்ப்பார். அதே பெண்ணுக்கு ‘இதயமும் மூச்சும் நின்றதால் மரணம்’ என்று ஒரே வரி எழுதினால், அவர் இதய நோயாளிகளின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த வகைப்பாடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், எழுதப்படாத பிரசவத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது. பதிவுமுறை நன்றாக இயங்கும் நாடுகளிலும் இந்தப் பிழை உண்டு. அதனால்தான் சர்வதேச மதிப்பீட்டாளர்கள், தனி ஆய்வு நடத்தாத நாடுகளின் பதிவு எண்ணிக்கையை நெடுங்காலம் 1.5ஆல் பெருக்கியே பயன்படுத்திவந்தார்கள்.

சான்றிதழில் ‘இறந்தபோது கர்ப்பமா, கடந்த 42 நாட்களுக்குள் கர்ப்பமா, கடந்த ஓராண்டுக்குள் கர்ப்பமா’ என்று கட்டம் போட்டுக் கேட்பது நல்ல உதவி. ஆனால் கட்டத்தை அப்படியே நம்பக்கூடாது. அமெரிக்கா 2003இல் திருத்திய சான்றிதழில் இந்தக் கட்டத்தைச் சேர்த்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதை ஏற்று முடிக்க 2017 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், வயது முதிர்ந்த பெண்களுக்கும் தவறுதலாகக் கட்டம் நிரப்பப்பட்டு எண்ணிக்கை ஊதிப் பெருகியதால், அந்த நாடு பத்தாண்டுக்கும் மேலாக அதிகாரபூர்வ விகிதத்தை வெளியிட முடியாமல் இருந்தது. கட்டம் நிரப்பப்பட்ட ஒவ்வொரு சான்றிதழையும் நோயாளியின் கோப்புடன் ஒப்பிட வேண்டும். நிரப்பப்படாதவற்றிலும் ஒரு பகுதியை எடுத்துப் பார்க்க வேண்டும். பிழை இரு பக்கமும் இருக்கும். மெக்சிகோவில் ஐயத்துக்குரிய காரணம் எழுதப்பட்ட பெண்களின் மரணங்களைத் தேடிப்பிடித்து, விசாரித்து, மறுவகைப்படுத்துவதையே ஒரு நிலையான நடைமுறையாக வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மற்ற நாடுகள் கற்கலாம்.

வீட்டில் நிகழ்ந்த மரணங்களை விசாரித்தல்

மருத்துவர் பார்க்காத மரணங்களுக்கு வாய்மொழி மரண விசாரணைதான் வழி. கடைசி நாட்களில் உடனிருந்தவரிடம் நோயின் அறிகுறிகளைக் கேட்டு, அந்தப் பதில்களை மருத்துவர்களோ கணினி நிரலோ ஆராய்ந்து காரணத்தைத் தீர்மானிக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் வினாத்தாள் இதற்கென்றே இருக்கிறது. அதை உள்ளூர் மொழிக்குக் கொண்டுவரும்போது கேள்வியின் பொருள் மாறாமல் இருக்கிறதா என்று களத்தில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

‘அவர் கர்ப்பமாக இருந்தாரா?’ என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பல வீடுகளில் ‘இல்லை’ என்றே பதில் வரும். இரண்டாம் மாதக் கர்ப்பம் வீட்டாருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். திருமணமாகாத பெண்ணாக இருந்தால் தெரிந்தும் மறைப்பார்கள். கருக்கலைப்பு குற்றமாகக் கருதப்படும் நாட்டில் பயமும் சேர்ந்துகொள்ளும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்ததா, எத்தனை வாரம் தள்ளிப்போயிருந்தது, அடிவயிற்றில் வலி வந்ததா, இறப்பதற்கு முன் ரத்தப்போக்கு இருந்ததா, வலிப்பு வந்ததா, முகமும் கைகளும் வீங்கியிருந்தனவா என்று அறிகுறிகளின் வழியே போனால், குடும்பத்தினர் சொல்லாமலே விஷயம் தெரியவரும். கேட்பவர் பெண்ணாக இருப்பதும், மாமியாரோ கணவரோ அருகில் இல்லாமல் இறந்தவரின் தாயிடமோ சகோதரியிடமோ தனியே பேசுவதும் பதிலை மாற்றும். துக்க நாட்கள் கழியும் வரை பொறுத்திருந்து, ஆனால் நினைவு மங்குமுன் போக வேண்டும். ஒரு தாயை இழந்த வீட்டுக்குள் படிவத்தோடு நுழைகிறோம் என்ற உணர்வு விசாரிப்பவருக்குக் கடைசி வரை இருக்க வேண்டும். அழும்போது பேனாவைக் கீழே வைக்கவும், வேண்டாம் என்றால் எழுந்து வரவும் பயிற்சியிலேயே கற்றுத்தர வேண்டும்.

தவறியவை எத்தனை என்று மதிப்பிடுதல்

எவ்வளவு தேடினாலும் சில மரணங்கள் எந்தப் பட்டியலிலும் வாரா. அவற்றின் அளவை மதிப்பிட, சந்திரசேகர், டெமிங் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1949இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மருத்துவமனைப் பட்டியலில் 60 மகப்பேறு மரணங்களும் ஊர்த் தகவலாளர் பட்டியலில் 50 மரணங்களும் இருக்கின்றன. இரண்டிலும் இருப்பவர்கள் 30 பேர். இரண்டையும் இணைத்தால் கிடைப்பவர்கள் 80 பேர். அறுபதையும் ஐம்பதையும் பெருக்கி முப்பதால் வகுத்தால் 100 வருகிறது. அதாவது 20 பேர் இரண்டு வலைகளுக்கும் தப்பியிருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஊர்ப் பணியாளர் மருத்துவமனையிலிருந்து பெயர்களை வாங்கி எழுதியிருந்தால் பொதுப் பெயர்கள் கூடி, விடை உண்மையைவிடக் குறைவாக வரும். தொலைதூரக் கிராமங்களையும் நகரங்களையும் தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு கூட்டுவது மேல்.

பதிவுமுறை வேரூன்றாத நாடு என்ன செய்யலாம்

பிறப்பு இறப்புப் பதிவு முழுமையடையப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கணக்கெடுப்புகளைச் சார்ந்திருக்க நேரும். வீடுவீடாகச் சென்று, ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரிகளில் யார் இறந்தார்கள், கர்ப்பத்திலா, பிரசவத்திலா, அதன் பின் ஆறு வாரத்துக்குள்ளா என்று கேட்கும் முறை பரவலாகப் பயன்படுகிறது. 1989இல் வெளியான இதன் சுருக்க வடிவத்துக்குக் குறைவான வீடுகளைக் கொண்ட சிறிய மாதிரியே போதும். ஆனால் அது தரும் எண் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலைமையைக் காட்டுவது. ஒவ்வொரு சகோதரியின் வயதையும் இறந்த ஆண்டையும் கேட்கும் விரிவான வடிவம் அண்மைக் காலத்தைக் காட்டும், ஆனால் அதற்கு மாதிரி பெரிதாக வேண்டும். விபத்தா வன்முறையா என்றும் கேட்டு அவற்றை நீக்கும் வசதி வினாத்தாளில் இருக்கட்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘கடந்த 12 மாதங்களில் இந்த வீட்டில் யாரேனும் இறந்தார்களா’ என்ற கேள்வியுடன், இறந்தவர் குழந்தை பெறும் வயதுப் பெண்ணாக இருந்தால் கர்ப்பம் பற்றிய கேள்விகளையும் சேர்க்கலாம். மாவட்டந்தோறும் எண்ணிக்கை கிடைக்கும் என்பது இதன் பெரிய நன்மை. தாய் இறந்தபின் வீடே கலைந்து பிள்ளைகள் உறவினரிடம் போய்விட்டால் அந்த மரணத்தைச் சொல்ல ஆள் இருக்காது என்பதால், வரும் எண்ணை மக்கள்தொகையியல் முறைகளால் சரிபார்த்துத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும். மொத்தப் பெண் மரணங்களில் மகப்பேறு மரணங்களின் பங்கைப் பார்ப்பது இங்கே பாதுகாப்பானது. எல்லா மரணங்களும் ஒரே அளவில் விடுபட்டிருந்தால் அந்தப் பங்கு பெரிதாக மாறாது.

மாதிரியின் அளவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வங்கதேசம் 2001, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இதற்கென்றே தேசிய அளவில் பெரிய கணக்கெடுப்புகளை நடத்தியது. கடைசிக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3 லட்சம் வீடுகள் இடம்பெற்றன. விகிதம் 322லிருந்து 194ஆகக் குறைந்ததையும், அதன் பின் 196 என்று அப்படியே நின்றுவிட்டதையும் அவை காட்டின. 2010க்கும் 2016க்கும் இடையே மருத்துவ நிலையங்களில் நடக்கும் பிரசவங்கள் 23 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாக உயர்ந்திருந்தன. பிரசவங்களை மட்டும் எண்ணியிருந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே அந்த நாடு நம்பியிருக்கும். மரணங்களையும் எண்ணியதால்தான், நிலையங்களில் தரப்படும் சிகிச்சையின் தரம் பற்றிய கேள்வி எழுந்தது.

எண்ணைப் படிப்பதிலும் வெளியிடுவதிலும் கவனம்

ஆண்டுக்கு 20,000 குழந்தைகள் பிறக்கும் மாவட்டத்தில் உண்மையான விகிதம் 100 என்று கொண்டால், எதிர்பார்க்கப்படும் மகப்பேறு மரணங்கள் 20. எதுவுமே மாறாவிட்டாலும், தற்செயலாகவே அது ஓராண்டில் 12ஆகவும் மற்றோர் ஆண்டில் 29ஆகவும் இருக்கக்கூடும். ஓராண்டுக் கணக்கை வைத்து மாவட்டங்களுக்குத் தரவரிசை போடுவதும், பரிசோ தண்டனையோ கொடுப்பதும் ஆகவே அநியாயம். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு எண்ணுடனும் அதன் ஐயப்பாட்டு எல்லைகளையும், அதாவது உண்மையான எண் எதற்கும் எதற்கும் இடையே இருக்கக்கூடும் என்பதையும், அச்சிட வேண்டும். விகிதத்தின் கீழ்ப்பகுதியான பிறப்பு எண்ணிக்கையும் மரணங்கள் நேர்ந்த அதே மக்களுடையதாகவும் அதே காலத்ததாகவும் இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனைக்குள் நடந்த மரணங்களை அதே மருத்துவமனைப் பிறப்புகளால் வகுத்து நாட்டு விகிதத்துடன் ஒப்பிடவே கூடாது. மோசமான நிலையில் அனுப்பப்படுபவர்கள் எல்லாம் பெரிய மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள்.

இவை அனைத்தையும் வீணாக்கக்கூடியது பயம். மரணத்தைத் தெரிவித்ததற்காகச் செவிலியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டால், அடுத்த மரணம் தெரிவிக்கப்படாது, அல்லது சாகும் தறுவாயில் உள்ள பெண் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். இங்கிலாந்தும் வேல்ஸும் 1952இல் தொடங்கிய ரகசிய விசாரணை முறையில் பெயர்களை நீக்கிவிட்டு நிகழ்ந்தவற்றை மட்டும் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். தென்னாப்பிரிக்கா 1997இல் மகப்பேறு மரணத்தைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டியதாக்கி, தேசிய அளவில் இதே வகையான விசாரணைக் குழுவை அமைத்தது. ஆய்வுக் குழுவின் ஆவணங்களை வழக்குகளிலும் துறை நடவடிக்கைகளிலும் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்று சட்டத்தில் எழுதிவைக்காமல் இம்முறையைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவ அலட்சியத்துக்கு நீதி கேட்கும் குடும்பத்தின் உரிமை இதனால் பறிபோகக் கூடாது. அதற்கான வழி தனியாகத் திறந்திருக்க வேண்டும்.

மேலே சொன்னவற்றைச் செய்யத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாட்டின் மகப்பேறு மரண எண்ணிக்கை ஏறும். முன்பு எண்ணப்படாத பெண்கள் எண்ணப்படுவதே அதற்குக் காரணம். இதை அமைச்சருக்கும் நிதித் துறைக்கும் பத்திரிகைகளுக்கும் திட்டம் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஏறிய பிறகு விளக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆண்டறிக்கையில் மகப்பேறு மரணங்களின் எண்ணிக்கைக்கு அருகிலேயே, விசாரிக்கப்பட்ட மொத்தப் பெண் மரணங்கள் எத்தனை, தகவல் அனுப்பிய வட்டங்கள் எத்தனை, விடுபட்டதாக மதிப்பிடப்படுபவை எத்தனை என்ற மூன்று எண்களும் இருந்தால், ஏற்றத்தில் எவ்வளவு தேடலால் வந்தது, எவ்வளவு உண்மையிலேயே நேர்ந்தது என்பதை வாசிப்பவர் தாமே பிரித்தறிய முடியும். சர்வதேச மதிப்பீட்டாளர்களுக்கும் இதே அட்டவணையை, திருத்தம் செய்த முறையின் விளக்கத்தோடு அனுப்பிவைத்தால், அடுத்த மதிப்பீட்டில் அவர்களின் புள்ளியியல் மாதிரி ஊகத்தைக் குறைத்து அந்த நாட்டின் சொந்தத் தரவுகளையே கூடுதலாகச் சார்ந்திருக்கும்.